வார்சா நாட்குறிப்பு: வரைபடத்திலிருந்து மீண்ட நகரம்

புதன்: பழைய நகரம்

வார்சாவின் பழைய நகரச் சதுக்கம் என் அப்பாவைவிட இளையது. 1953 ஜூலை 22 அன்றுதான் இதைத் திறந்துவைத்தார்கள். நாலு பக்கமும் தோளோடு தோள் உரசி நிற்கும் ஒடுக்கமான வீடுகள், காவியும் மஞ்சளும் பாசிப்பச்சையுமாகச் சுவர்கள், கல்லில் செதுக்கிய வாசல்நிலைகள், நடுவில் வாளை ஓங்கிய கடற்கன்னி சிலை. யார் பார்த்தாலும் முந்நூறு நானூறு வருடப் பழசு என்றுதான் நினைப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஊர் தரைமட்டமான பிறகு, 1945 ஜனவரியில் இங்கே வந்தவர்கள் கண்டது செங்கல் மேட்டையும், கூரை இல்லாமல் அங்கங்கே தனியாக நின்ற சுவர்களையும்தான்.

அக்காவும் நானும் வந்திருக்கிறோம். அக்கா பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பழைய கட்டடத்தை நாடா பிடித்து அளந்து தாளில் ஏற்றுவதுதான் அவளுக்கு மிகப் பிடித்த வேலை. ஐரோப்பாவில் ஒரே ஒரு ஊர் பார்க்கலாம் என்றால் எது என்று கேட்டபோது யோசிக்காமல் வார்சா என்றாள். பாரிஸ் இல்லையா, ரோம் இல்லையா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அவள் அசையவில்லை.

இந்த ஊர் தலைநகரான கதையைச் சொல்லிவிட வேண்டும். போலந்துக்கு முதலில் கிராகோவ்தான் தலைநகர். 1569-ல் போலந்தும் லித்துவேனியாவும் ஒரே அரசாக இணைந்தபோது, இரண்டு பக்கத்துப் பிரபுக்களும் வந்துசேர வசதியாக நடுவில் ஒரு ஊர் தேவைப்பட்டது. நாடாளுமன்றம் வார்சாவில் கூடத் தொடங்கியது. 1596-ல் மூன்றாம் சிகிஸ்மண்ட் மன்னர் அரசவையையும் இங்கே நகர்த்தத் தொடங்கினார். இரண்டு நூற்றாண்டு கழித்து ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தை 1772, 1793, 1795 என மூன்று தவணையில் பங்கு போட்டுக்கொண்டன. நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது. 1918-ல்தான் வார்சா மறுபடி சுதந்திர நாட்டின் தலைநகர் ஆனது. அதற்கு 21 வருடம்தான் ஆயுள்.

அரண்மனைச் சதுக்கத்தில் அதே சிகிஸ்மண்ட் ஒரு கையில் சிலுவையும் மறு கையில் வாளுமாக உயரமான தூணின் மேல் நிற்கிறார். 1644-ல் அவர் மகன் எழுப்பிய நினைவுத்தூண். எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிறார்கள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து அரண்மனையின் பக்கச் சுவரோரம் கூட்டிப்போனாள். அங்கே புல்தரையில் இரண்டு தூண்கள் கிடக்கின்றன. ஒன்று 1644-ன் அசல் தூண், 1887-ல் மாற்றப்பட்டது. இன்னொன்று அதற்குப் பதிலாக வைத்த கிரானைட் தூண். 1944 செப்டம்பரில் ஜெர்மானியர் அதை உடைத்து வீழ்த்தினார்கள். இப்போது மேலே நிற்பது மூன்றாவது. உடைந்த இரண்டையும் அப்புறப்படுத்தாமல், புதிய தூணுக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கும் இந்த ஊர்க்காரர்களின் மனசு எனக்கு அங்கேயே பிடித்துப்போனது.

புனித ஜான் பேராலயத்தின் பக்கவாட்டுச் சந்தில் இன்னொன்று பார்த்தோம். செங்கல் சுவரில், தலைக்கு மேல், துருப்பிடித்த இரும்புச் சங்கிலிப் பட்டை ஒன்று பதித்திருக்கிறது. டாங்கியின் சக்கரப்பட்டை போன்றது, ஆனால் சிறியது. தூரத்திலிருந்து இயக்கும் ஜெர்மானிய வெடிகுண்டு வண்டியின் பட்டை அது. 1944-ல் ஜெர்மானியருக்கு எதிரான கிளர்ச்சியின்போது பேராலயத்துக்குள்ளேயே சண்டை நடந்தது. ஒவ்வொரு கண்ணியிலும் துரு செதில் செதிலாக உரிந்திருக்கிறது. சந்து வழியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் மேலே பார்க்காமலே போகிறார்கள்.

இந்தச் சதுக்கம் பழைய நகரத்தின் அச்சு அசல் நகல் என்று எல்லோரும் எழுதுவார்கள். அது முழு உண்மை இல்லை. முகப்பு பழைய முகப்பு. உள்ளே 1950-களின் அடுக்குமாடிக் குடியிருப்பு. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் வெளிச்சமும் உள்ள வீடுகள். போருக்கு முன் இந்தப் பேட்டை நெரிசலும் ஏழ்மையும் மிகுந்த இடம். வீடுகளின் பின்பக்கத்தில் அடைசலாகக் கட்டியிருந்த கட்டடங்களைத் திரும்பக் கட்டவே இல்லை. அந்த இடத்தைத் திறந்த முற்றமாக விட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஏற்றிய மாடிகள் பலவற்றையும் விட்டுவிட்டார்கள். பேராலயத்தின் முகப்புகூட போருக்கு முன் இருந்த முகப்பு இல்லை. அதைவிடப் பழைய மசோவிய கோதிக் பாணியை ஊகித்துக் கட்டியது. மீட்டுக் கட்டுவது என்று சொன்னாலே, எந்த வருடத்து ஊரை மீட்பது என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தப் பயணம் முழுக்க இந்தக் கேள்வி கூடவே வரப்போகிறது என்று தோன்றுகிறது.

ராத்திரிச் சாப்பாடு ஒரு 'பால் உணவக'த்தில். பெயர்தான் அப்படி, கம்யூனிஸ்ட் காலத்தில் தொழிலாளிகளுக்கு மலிவு விலையில் சாப்பாடு போட அரசு உதவியோடு பரவிய கடைகள், இன்னும் நடக்கின்றன. பால், முட்டை, மாவு, காய்கறி வகைகள்தான் பிரதானம் என்பதால் சைவக்காரர்களுக்கு வசதி. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து அவித்த பியெரோகி நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் போல இருந்தது. பீட்ரூட்டும் தயிரும் கலந்த குளிர்ந்த ரோஸ் நிற சூப்பில் பாதி அவித்த முட்டை மிதந்தது. அக்கா இரண்டு கிண்ணம் குடித்தாள்.

வியாழன்: அரண்மனை

காலையிலிருந்து மூன்று மணி வரை அரண்மனைக்குள்ளேயே இருந்தோம்.

1939 செப்டம்பர் 17 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் அரண்மனை எரிந்தது. கோபுரக் கடிகாரம் 11.15-ல் நின்றது. கூரை எரிந்துகொண்டிருக்கும்போதே தேசிய அருங்காட்சியக இயக்குநர் ஸ்தானிஸ்வாஃப் லோரென்ட்ஸ் தலைமையில் ஆட்கள் உள்ளே போய் எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்தார்கள். ஓவியம் மட்டும் இல்லை. கதவு, கணப்படுப்பின் பளிங்கு, மரத்தரைப் பலகை, சுவர் அலங்காரத்தின் துண்டு வரை. அரண்மனைப் பொருள்களின் காப்பாளர் கசிமியெஷ் ப்ரோக்ல் அன்றே அங்கே உயிரிழந்தார். அடுத்த மாதங்களில் ஜெர்மானியர் சுவர்களில் டைனமைட் வைக்க ஆயிரக்கணக்கில் துளை போட்டார்கள். ஆனால் உடனே வெடிக்கவில்லை. ஐந்து வருடம் அந்தத் துளைகளோடு அரண்மனை நின்றது. 1944-ல் வெடித்தார்கள்.

அந்தத் துளை போட்ட சுவர்த் துண்டு ஒன்று இன்றும் காட்சிக்கு இருக்கிறது. ஒழுங்கான இடைவெளியில், சீரான ஆழத்தில் துளைகள். அக்கா கிட்டப்போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அளந்து போட்டிருக்கான்டா. நான் கட்டறதுக்கு அளக்கற மாதிரியே, அவன் இடிக்கறதுக்கு அளந்திருக்கான்."

கம்யூனிஸ்ட் அரசு மன்னர் மாளிகையைக் கட்ட அவசரப்படவில்லை. 1971-ல்தான் முடிவு வந்தது. பொதுமக்கள் நன்கொடையில், வெளிநாட்டுப் போலந்துக்காரர்கள் அனுப்பிய பணத்தில் வேலை நடந்தது. கடிகாரத்தை 1974 ஜூலை 19 அன்று, நின்றுபோன அதே 11.15-க்கு ஓடவிட்டார்கள். 1984-ல் உள்ளே மக்களை அனுமதித்தார்கள். லோரென்ட்ஸின் ஆட்கள் 1939-ல் காப்பாற்றிய துண்டுகள் புதிய சுவர்களில் அதனதன் இடத்துக்குத் திரும்பின. 1791 மே 3 அன்று அரசியல் சட்டம் நிறைவேறியது இந்த அரண்மனையில்தான். எழுதப்பட்ட அரசியல் சட்டங்களில் ஐரோப்பாவிலேயே மிக முந்தையவற்றில் ஒன்று. நாடு அதற்குப் பிறகு ஐந்து வருடம்கூடத் தாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

கனலெட்டோ அறை. பெர்னார்டோ பெல்லோட்டோ என்ற வெனிஸ் நகர ஓவியர் மாமாவின் பட்டப்பெயரான கனலெட்டோவைத் தானும் வைத்துக்கொண்டவர். போலந்தின் கடைசி மன்னர் ஸ்தானிஸ்வாஃப் அகஸ்ட் போனியாடோவ்ஸ்கியிடம் அவை ஓவியராகச் சேர்ந்து, 1780-ல் இறக்கும்வரை வார்சாவை வரைந்தார். இந்த அறையில் 22 நகரக் காட்சிகள். ஜன்னல் எத்தனை, ஜன்னலுக்கு மேல் வளைவு எப்படி, கூரையில் புகைபோக்கி எந்தப் பக்கம் என்பது வரை எண்ணிவிடலாம். கூடவே தெருவில் வண்டி ஓட்டுகிறவன், கூடைக்காரி, நாய். ஜார் ஆட்சி இந்தப் படங்களை ருஷ்யாவுக்குக் கொண்டுபோனது. 1921-ல் சோவியத் ருஷ்யாவோடு செய்த ரீகா உடன்படிக்கைக்குப் பிறகு திரும்பின. 1939-ல் ஜெர்மனி கொண்டுபோனது. போருக்குப் பின் மறுபடி திரும்பின.

'ஓவியத்தைப் பார்த்துக் கட்டிய நகரம்' என்று பயணப் பக்கங்களில் எழுதுவது இந்தப் படங்களை வைத்துத்தான். அரண்மனையிலிருந்து தெற்கே போகும் க்ராகோவ்ஸ்கியே ப்ஷெட்மியெஷ்ச்சே வீதிக்கு அது பொருந்தும். அங்கே சில கட்டடங்களை பெல்லோட்டோ கொஞ்சம் அழகுபடுத்தி வரைந்திருந்தார் என்றும், கட்டியவர்கள் அந்த அழகையும் சேர்த்தே கட்டினார்கள் என்றும் சொல்கிறார்கள். ஆனால் நேற்று நாங்கள் பார்த்த பழைய நகரச் சதுக்கத்தை பெல்லோட்டோ வரையவே இல்லை. அதை மீட்டது வேறு காகிதம். அதைப் பற்றி அக்கா சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும்.

வார்சா பாலிடெக்னிக் கட்டடக்கலைப் பிரிவில் ஓஸ்கர் சோஸ்னோவ்ஸ்கி என்ற பேராசிரியர் இருந்தார். 1920-களிலிருந்தே தன் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி, பழைய வீடு, கோயில், மரக்கூரை எதுவானாலும் அளந்து வரைய வைத்தார். படிப்புக்கான பயிற்சிதான். யாரும் அழிவை எதிர்பார்த்துச் செய்யவில்லை. 1939 முற்றுகையில் அந்த வரைபடங்கள் இருந்த கட்டடத்தைக் காவல் காக்கும்போது காயம்பட்டு சோஸ்னோவ்ஸ்கி இறந்தார். கட்டடக் கலைஞர் யான் சக்வாதோவிச்சும் மற்றவர்களும் ஆக்கிரமிப்புக் காலம் முழுக்க ரகசியமாக அளப்பதைத் தொடர்ந்தார்கள். 1944 இறுதியில் ஜெர்மானியர் ஊரைக் காலி செய்து தீ வைத்துக்கொண்டிருந்தபோது, கலைப்பொருள்களை வெளியேற்றச் சிலருக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. அந்த வழியில் வரைபடங்களும் போயின. பியோத்ர்கூஃப் என்ற ஊரில் ஒரு மடத்தில் ஒளித்துவைக்கப்பட்டன. போர் முடிந்ததும் திரும்பி வந்தன. பழைய நகரத்தை எழுப்பும் வேலைக்கு அவைதான் அடிப்படை. பொறுப்பேற்றவர் அதே சக்வாதோவிச்.

"பரீட்சைக்கு வரைஞ்ச தாளுடா. மார்க் போட்டதும் கட்டி வெச்சிருப்பாங்க," என்றாள் அக்கா. ஒரு வாசல்நிலையின் குறுக்குவெட்டை அளந்து வரைந்த ஒரு பத்தொன்பது வயதுப் பையனையோ பெண்ணையோ நினைத்துப் பார்க்கிறேன். வெயிலில் ஏணி மேல் நின்று, கீழே இருப்பவரிடம் அளவைக் கத்திச் சொல்லியிருப்பார்கள்.

வெள்ளி: ஆகஸ்ட் 1

இன்றைய தேதிக்காகவே பயணத்தை இந்த வாரத்தில் வைத்தோம்.

வோலா பகுதியில், பழைய டிராம் மின் நிலையத்தில் 2004-ல் திறந்த கிளர்ச்சி அருங்காட்சியகம். 1944 ஆகஸ்ட் 1, மாலை ஐந்து மணிக்கு போலந்தின் தலைமறைவுப் படையான 'உள்நாட்டுப் படை' எழுந்தது. ருஷ்யச் செஞ்சேனை நெருங்கி வந்துகொண்டிருந்தது. அவர்கள் நுழைவதற்குள் தலைநகரைத் தாங்களே விடுவித்து, சுதந்திர அரசாக அவர்களை வரவேற்பது திட்டம். சில நாள் தாக்குப்பிடித்தால் போதும் என்று தொடங்கியது 63 நாள் நீண்டது. பலர் கையில் துப்பாக்கிகூட இல்லை.

செஞ்சேனை செப்டம்பர் நடுவில் விஸ்துலா ஆற்றின் கிழக்குக் கரையைப் பிடித்தது. அங்கிருந்து பெரிதாக நகரவில்லை. மேற்கு நாடுகளின் விமானங்கள் சோவியத் தளங்களில் இறங்கி எரிபொருள் நிரப்ப ஸ்டாலின் வாரக்கணக்கில் இடம் தரவில்லை. வோலாவில் மட்டும், ஆகஸ்ட் 5 தொடங்கிய சில நாள்களில், 40 ஆயிரம் முதல் 50 ஆயிரம் பொதுமக்களை வீடு வீடாக இழுத்துச் சுட்டார்கள் என்பது கணக்கு. மொத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள். அக்டோபர் 2 அன்று சரண். மிஞ்சிய மக்களை ப்ருஷ்கூஃப் முகாம் வழியாக வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு, ஆளில்லாத ஊரை, தெருத் தெருவாக எரித்தார்கள், வெடித்தார்கள். போரில் அழிந்த ஊர்கள் எத்தனையோ உண்டு. போர் முனை நகர்ந்துவிட்ட பிறகும் நிதானமாக, திட்டம் போட்டு, நூலகம் வரை தேடிப்போய் எரித்த ஊர் இது. கடைசியில் சுமார் 85 சதவீதம் கட்டடங்கள் போயின.

அருங்காட்சியகத்தின் எல்லா மாடியையும் ஊடுருவி நிற்கும் எஃகுச் சுவர் ஒன்றிலிருந்து இதயத்துடிப்பு ஒலிக்கிறது. வெளியே பூங்காவில் நீண்ட சுவர். இறந்த போராளிகளின் பெயர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். வயதான பெண்மணி ஒருவர் சக்கர நாற்காலியில் வந்து ஒரு பெயரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

இந்தக் கிளர்ச்சி தேவையா, தலைமை செய்தது சரியா என்று போலந்தில் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டு பக்கத்து நியாயத்தையும் படித்துவிட்டுத்தான் வந்தேன். தளபதிகள் எடுத்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன். அந்த முடிவைத் தோளில் சுமந்த பிள்ளைகளை அதற்காகக் குறை சொல்ல மனம் வரவில்லை.

வோலாவிலிருந்து மையப் பகுதிக்கு நடந்தே வந்தோம். வழியெல்லாம் சாம்பல் நிறக் கல் பலகைகள், சிலுவை பொறித்தவை. கரோல் ட்சோரெக் என்ற சிற்பி 1949-ல் வடிவமைத்தது. இன்ன தேதியில் இங்கே இத்தனை பேரைச் சுட்டார்கள் என்று சுருக்கமாக எழுதியிருக்கிறது. இன்று எல்லாவற்றுக்கும் கீழே விளக்கு எரிந்தது. ஒரு பலகைக்கு அடுத்த வாசல் முடி திருத்தும் கடை, அதற்கு அடுத்தது மருந்துக்கடை.

ஐந்து மணிக்கு த்மோவ்ஸ்கி ரவுண்டானாவில் நின்றோம். சங்கு ஊதியது. ஓடிக்கொண்டிருந்த டிராம் நின்றது, கார்கள் நின்றன, ஓட்டுநர்கள் ஹார்னை அழுத்தியபடி வெளியே இறங்கினார்கள். கூட்டத்தில் சிவப்புத் தீப்பந்தங்கள் எரிந்து புகை மூடியது. ஒரு நிமிடம். எனக்கு முன்னால் அப்பா தோளில் உட்கார்ந்திருந்த குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஆனால் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு டிராம் மணி அடித்துக்கொண்டு கிளம்பியது.

சனி: முரானூஃப்

நடைபாதையில் இரும்புப் பட்டை ஒன்று பதித்திருக்கிறது. கெட்டோ சுவர், 1940, 1943 என்று அதில் எழுத்து. அதைத் தாண்டினால், ஜெர்மானியர் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான கெட்டோ.

போருக்கு முன் வார்சாவில் சுமார் 13 லட்சம் பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக யூதர்கள். ஐரோப்பாவில் வேறெந்த ஊரிலும் இத்தனை யூதர்கள் இல்லை. 1940 நவம்பர் 16 அன்று வாசல்களை அடைத்தார்கள். மூன்று சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஹ்வோத்னா தெருவில் டிராம் மற்றவர்களுக்காகக் கீழே ஓட, யூதர்கள் கடக்க மேலே மரப்பாலம் போட்டார்கள். அந்த இடத்தில் இப்போது இரண்டு பக்கமும் உலோகக் கம்பங்கள். அவற்றில் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்தக் காலத்துப் படங்கள் தெரிகின்றன.

1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் வரை, ஸ்தாவ்கி தெருவின் சரக்கு ரயில் முற்றத்திலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ஏற்றி அனுப்பினார்கள். அங்கே வெள்ளைச் சுவர் நினைவிடம். சுவரில் பெயர்கள், வெறும் முதற்பெயர்கள், அகர வரிசையில். குடும்பப் பெயர் கிடையாது. பத்துப் பதினைந்து பெயர் படித்ததும் அக்கா நிறுத்திவிட்டாள்.

மிஞ்சியவர்கள் 1943 ஏப்ரல் 19 அன்று ஆயுதம் எடுத்தார்கள். தலைவர் மொர்தகாய் அனியலேவிச்சுக்கு அப்போது வயது 24. மீவா தெரு 18-ஆம் எண்ணில் பதுங்கு குழி. மே 8 அன்று அவரும் தோழர்களும் அங்கே இறந்தார்கள். அவர்களை அங்கிருந்து எடுக்கவில்லை. மேலே புல் முளைத்த மேடு, உச்சியில் ஒரு கல். சுற்றிலும் குடியிருப்பு, பால்கனியில் துணி காய்கிறது.

அந்தக் குடியிருப்பைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். கெட்டோவை இடித்து மட்டமாக்கிய பிறகு கிடந்த இடிபாட்டை அள்ளி மாளாது என்பதால், அதன் மேலேயே கட்டினார்கள். முரானூஃபில் பல வீடுகள் தெருவைவிட உயரமான மேட்டில் நிற்கின்றன. படியேறித்தான் போக வேண்டும். அந்த மேடுதான் பழைய வீடுகள். சுவர்களும் அவையே: இடிந்த செங்கலை அரைத்துச் சிமெண்டோடு சேர்த்து வார்த்த கற்கள். கட்டடக் கலைஞர் போஹ்தான் லாஹெர்ட் அவற்றைப் பூசாமல், செங்கல் தூளின் சிவப்பு வெளியே தெரிய விட்டார். இங்கே நடந்ததற்கு அந்த நிறமே சாட்சியாக நிற்கட்டும் என்பது அவர் எண்ணம். குடிவந்தவர்களுக்கு அது இருண்டு தெரிந்தது. முறையீடு வர, 1950-களின் தொடக்கத்தில் வெள்ளையடித்துப் பூசிவிட்டார்கள்.

குடிவந்தவர்களையும் குறை சொல்வதற்கில்லை. அவர்களும் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள். ஆனாலும் புதனன்று மனதில் விழுந்த கேள்வி இங்கே கனக்கிறது. பழைய நகரத்தின் வாசல்நிலை ஒவ்வொன்றையும் மீட்டவர்கள், யூத வார்சாவின் கடைவீதியான நலேவ்கியை மீட்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டு வாடகைக் கட்டடங்கள். திட்டமிட்டவர்கள் கண்ணில் அவை நெரிசலும் அழுக்கும்தான். பெரிய காரணம் ஒன்று உண்டு: திரும்ப வேண்டும் என்று கேட்க, அங்கே வாழ்ந்தவர்கள் உயிரோடு இல்லை. க்ராஷின்ஸ்கி பூங்காவை ஒட்டிய ஒரு சிறு தெருவில் மட்டும் நலேவ்கியின் பழைய கல் பாவிய தரையும் டிராம் தண்டவாளமும் மிஞ்சியிருக்கின்றன. தண்டவாளம் சிறிது தூரம் போய், தார்ச்சாலையில் முட்டி நின்றுவிடுகிறது.

ஞாயிறு: பால் கேன்

யூத வரலாற்று நிறுவனம். நுழைந்ததும் கூடத்தின் கல் தரையைப் பாருங்கள் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னார். தீய்ந்த தடங்கள், சிதைந்த ஓரங்கள். பக்கத்தில் இருந்த பெரிய யூதக் கோயிலை 1943 மே 16 அன்று ஜெர்மானியர் வெடித்தபோது ஏற்பட்டவை. தரையை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். கோயில் இருந்த இடத்தில் இப்போது நீலக் கண்ணாடி அலுவலகக் கோபுரம்.

இமானுவேல் ரிங்கல்ப்ளூம் வரலாற்றாசிரியர். கெட்டோவுக்குள் 'ஓனெக் ஷபாத்' என்ற பெயரில் ரகசியக் குழு அமைத்தார். வாழ்க்கையை எழுதச் சொன்னார்: ரொட்டி விலை, பங்கீட்டுச் சீட்டு, பள்ளிக் கட்டுரை, கவிதை, மிட்டாய் உறை, நாடக அழைப்பிதழ், நாட்குறிப்பு. பெரிய சம்பவங்களை எப்படியும் யாராவது எழுதுவார்கள்; சாதாரண ஆட்களின் ஒரு நாளை யார் எழுதுவார் என்பதுதான் அவர் கவலையாக இருந்திருக்கிறது. 1942 ஆகஸ்டில், நாடுகடத்தல் நடந்துகொண்டிருந்தபோது, நோவோலிப்கி தெரு 68-ல் ஒரு பள்ளிக் கட்டடத்தின் அடியில் முதல் பகுதியைத் தகரப் பெட்டிகளில் புதைத்தார்கள். புதைத்தவர்களில் தாவிட் க்ராபருக்கு வயது 19. உலகத்திடம் எங்களால் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைக்கிறோம் என்று எழுதித் தானும் உள்ளே வைத்தான். அடுத்த பகுதி 1943-ல், இரண்டு பால் கேன்களில்.

ரிங்கல்ப்ளூம் 1944 மார்ச்சில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். குழுவில் உயிர் தப்பியவர் மூன்று பேர். இடத்தைக் காட்டியவர் ஹெர்ஷ் வாசெர். ஊரே குவியலாகிக் கிடக்க, தெருவே தெரியாத இடத்தில் தோண்டி, 1946 செப்டம்பரில் பத்துப் பெட்டிகளை எடுத்தார்கள். 1950 டிசம்பரில், கட்டுமான வேலையின்போது, பால் கேன்கள் கிடைத்தன. மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள்.

கேன் ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. நம் பால்காரர் வைத்திருக்கும் உயரம்தான். அடிப்பக்கம் துருவேறி அரித்திருக்கிறது, கைப்பிடி ஒன்று வளைந்திருக்கிறது. தகரப் பெட்டிகளை மூடி ஒட்டவில்லை. தண்ணீர் புகுந்து காகிதங்கள் நனைந்துவிட்டன. கேனில் இருந்தவை காய்ந்தே கிடைத்தன.

பாலிடெக்னிக் மாணவர்கள் சுவரை அளந்தார்கள். ரிங்கல்ப்ளூமின் ஆட்கள் மனிதர்களை எழுதினார்கள். முதலாவதை வைத்து ஒரு சதுக்கம் கட்ட முடிந்தது. இரண்டாவதை வைத்துக் கட்ட எதுவும் இல்லை, படிக்கத்தான் முடியும். அதனால் வார்சா வருகிறவர்கள் அரண்மனைக்கு முக்கால் நாள் ஒதுக்கினால், இந்தச் சிறிய கட்டடத்துக்கு மிச்ச கால் நாளையாவது கட்டாயம் ஒதுக்குங்கள். நான் கண்டவரை கூட்டமே இல்லை.

திங்கள்: செங்கலும் சாக்சன் அரண்மனையும்

காலையில் ஓஹோட்டா பகுதிக்குப் போனோம். 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்றே பெயர் வைத்த சிறு பூங்கா. குஜராத்தின் நவாநகர் சமஸ்தான மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி, சோவியத் நாட்டிலிருந்து வெளியேறிய போலந்துக் குழந்தைகளுக்கு 1942-ல் ஜாம்நகர் அருகே பாலாசடியில் முகாம் அமைத்து அடைக்கலம் தந்தார். அதற்கு நன்றியாக 2014-ல் இந்த நினைவுக்கல். யாரோ புதிதாகப் பூ வைத்திருந்தார்கள்.

பிறகு பழைய நகரத்தின் கோட்டை வாசலான பார்பிகன். 1950-களில் எழுப்பியது. செங்கல் மட்டும் நிஜமாகவே பழசு. நிசாவிலும் வ்ரோட்ஸ்வாஃபிலும் இடித்த கட்டடங்களிலிருந்து வந்தது. 'தேசமே தன் தலைநகரைக் கட்டுகிறது' என்பது அன்றைய முழக்கம். போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து போலந்துக்கு வந்த மேற்கு ஊர்களில் செங்கல் எடுக்கவே கட்டடங்களை இடித்தார்கள். குண்டு விழுந்ததை மட்டும் இல்லை. பழுது பார்த்திருக்கக்கூடிய பழைய வீடுகளையும். ஒரு ஊரின் பழமையை மீட்க இன்னொரு ஊரின் பழமை கரைந்தது. வார்சாவை எவ்வளவு நேசித்தாலும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

மாலையில் பில்சுட்ஸ்கி சதுக்கம். மூன்றே மூன்று வளைவுகள், அவற்றின் கீழ் பெயர் தெரியாத வீரரின் கல்லறை, அணையா விளக்கு, காவலுக்கு இரண்டு சிப்பாய்கள். சாக்சன் அரண்மனையில் மிஞ்சியது அவ்வளவுதான். மற்றதை 1944 டிசம்பர் இறுதியில் வெடித்தார்கள். ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை 1932 இறுதியில் கணித அறிஞர் மரியான் ரேயெவ்ஸ்கி முதன்முதலில் உடைத்தபோது, போலந்தின் சங்கேதப் பிரிவு இருந்தது இந்த அரண்மனையில்தான்.

இதைத் திரும்பக் கட்ட 2021-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு விருப்பம். "வரைபடம் இருக்கு, போட்டோ இருக்கு, அடித்தளம் கிடைச்சிருக்கு. ஏன் கட்டக் கூடாது?" என்கிறாள். எனக்கு உடன்பாடு இல்லை. 1950-களில் மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது, ஊர் ஊராக இருக்க வேண்டியிருந்தது. அந்த அவசியம் இன்றைக்கு இல்லை. இதே சதுக்கத்தில் ருஷ்ய ஆட்சி எழுப்பிய மாபெரும் ஆர்த்தடாக்ஸ் பேராலயம் ஒன்றும் நின்றது. 1920-களில் சுதந்திரப் போலந்தே அதை இடித்தது. அதைக் கட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. மூன்று வளைவையும் வெட்டவெளியில், வெடித்த நாளன்று நின்றபடியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

விடுதி வரும்வரை இதையே பேசிக்கொண்டு வந்தோம். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விடவில்லை. நாளைக் காலை வ்ரோட்ஸ்வாஃப் ரயில். செங்கல் கொடுத்த ஊரில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.